எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?

2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, நீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன என்பதே அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். நம்பத்தக்க விளக்கம்தான். ஆனால் ‘ஏரியின் ஆக்சிஜன்’ என்று ஒற்றை எண் எதுவும் கிடையாது. பாசி படர்ந்த பச்சை நீரில் வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் பெருகும். இரவு முழுவதும் அதே பாசியும் பாக்டீரியாவும் மீனும் சேர்ந்து அதைத் தின்று தீர்க்கும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். பாசி மிகுந்த ஏரியின் மேல்மட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு இந்த எல்லையையும் தாண்டிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கேயே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் போகலாம். மீன் வாழத் தகுந்த ‘டி’ வகை நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம். ஆக, ஒரே ஏரி ஒரே நாளில் பிற்பகலில் தேறும், விடியலில் தோற்கும். இரண்டு அளவீடுகளிலும் பொய் இல்லை.

சரி, விடியலில் அளப்பதுதான் கறாரான முறை என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீருமா? தீராது. ‘டி’ வகைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நீரில் கலந்த அம்மோனியாவில் எவ்வளவு பங்கு மீனைக் கொல்லும் தனி வடிவில் இருக்கிறது என்பதை வெப்பமும் பி.எச். அளவும் தீர்மானிக்கின்றன. பிற்பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது, கூடவே தனி அம்மோனியாவும் ஏறுகிறது. ஆக்சிஜனுக்கு நல்ல நேரம் எதுவோ அதுவே அம்மோனியாவுக்குக் கெட்ட நேரம். ஏரியைக் காப்பாற்ற விரும்புகிறவரும் சரி, ஏரி நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட விரும்புகிறவரும் சரி, தங்களுக்கு வேண்டிய எண்ணைத் தரும் நேரத்தை மனமறியாமலே தேர்ந்தெடுக்க முடியும்.

நேரம் இப்படிப்பட்ட தேர்வுகளில் ஒன்று மட்டுமே. வின்க்ளர் முறையில் ஆக்சிஜன் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். 300 மில்லி கண்ணாடிப் புட்டியைக் காற்றுக் குமிழ் புகாமல் நிரப்பி, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் காரங்கலந்த அயோடைடும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அமிலம் சேர்த்துக் கலக்கி, தயோசல்பேட் கொண்டு தரம் பார்த்து, கரைசல் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் துளியோடு நிறுத்த வேண்டும். புட்டியைக் கால்வாய் வந்து விழும் இடத்தில் முக்குவதா, ஏரியின் நடுவிலா? மேல்மட்டத்திலா, ஒரு மீட்டர் ஆழத்திலா? மழை பெய்த மறுநாள் எடுத்ததைச் சேர்ப்பதா, தள்ளுவதா? நீலம் மறைந்துவிட்டது என்று எந்தத் துளியில் முடிவு செய்வது? இரண்டு புட்டிகள் ஒத்துப்போகாவிட்டால் எதை ‘அவுட்லையர்’ என்று ஒதுக்குவது? பி.ஓ.டி. எனும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைப் பார்ப்பதென்றால் இந்தியத் தர முறைப்படி 27 டிகிரியில் 3 நாளா, வெளிநாட்டு வழக்கப்படி 20 டிகிரியில் 5 நாளா? ஒவ்வொரு கேள்விக்கும் நியாயமான பதில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அச்சில் வரும் கட்டுரையில் ஒரு பாதைதான் தெரியும். மற்ற பாதைகளில் ஆய்வாளர் நடந்து பார்த்துத் திரும்பினாரா என்பது தெரியாது.

விநாயகர் சதுர்த்திக்குப் பின் ஏரிகள் மாசுபடுகின்றனவா என்பது நம் கல்லூரிகளில் மாணவர்கள் விரும்பி எடுக்கும் ஆய்வுத் தலைப்பு. சிலை கரைப்பதற்கு முன்பும், கரைக்கும்போதும், பின்பும் அளந்து ஒப்பிடுவார்கள். நான்கு இடம், மூன்று ஆழம், ஐந்து குணங்கள் என்று எடுத்தாலே 60 ஒப்பீடுகள் ஆகின்றன. சிலையால் துளியும் மாற்றமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், இருபதுக்கு ஒன்று என்ற வழக்கமான அளவுகோலில் சராசரியாக மூன்று ஒப்பீடுகள் ‘குறிப்பிடத்தக்க மாற்றம்’ என்று வரும். ஒன்றையொன்று சாராத இருபது ஒப்பீடுகள் செய்தாலே, ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. தேறிய மூன்றை மட்டும் அட்டவணையில் போட்டு மற்ற 57ஐப் பற்றிப் பேசாமல் விட்டால் ஆய்வேடு கச்சிதமாக இருக்கும். போதாக்குறைக்குச் சதுர்த்தி வருவது மழைக்காலத்தில். மழைநீர் செய்த மாற்றமா, சிலை செய்த மாற்றமா என்பதைச் சிலை கரைக்காத வேறொரு ஏரியை அதே நாள்களில் அளந்தால்தான் சொல்ல முடியும். சிலைகள் தீங்கற்றவை என்று இங்கே வாதிடவில்லை. சாயத்திலுள்ள உலோகங்கள் தீங்கானவைதான். தீங்கான ஒன்றைப் பற்றியும் கோணலான சான்றைக் காட்ட முடியும் என்பதே விஷயம்.

இதை வேண்டுமென்றே செய்து காட்டியவர்கள் உண்டு. 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் என்ற மூன்று உளவியலாளர்கள் உண்மையான மாணவர்களை வைத்து, உண்மையான கணக்குப் போட்டு, பீட்டில்ஸ் குழுவின் ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று ‘நிரூபித்தார்கள்’. பாட்டு கேட்டதும் பிறந்த தேதி மாறாது. எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த மாறியைக் கணக்கில் சேர்ப்பது என்பதை எண்கள் கைக்கு வந்த பிறகு தீர்மானித்ததில் பிறந்த முடிவு அது. விடைத்தாளைப் பார்த்துவிட்டு வினாத்தாள் தயாரிப்பதும் இதுவும் ஒன்றுதான். கெட்ட எண்ணமே இல்லாதபோதும் பாதைகள் பிரிகின்றன என்பதற்குச் சூழலியலிலேயே சான்று இருக்கிறது. ஒரு பறவை இனத்தின் குஞ்சுகளுடைய வளர்ச்சி பற்றியும், யூகலிப்டஸ் நாற்றுகள் பற்றியுமான இரண்டு தரவுத் தொகுப்புகள் 174 குழுக்களைச் சேர்ந்த 246 ஆய்வாளர்களிடம் கொடுக்கப்பட்டன. தரவும் கேள்வியும் அனைவருக்கும் ஒன்றே. பறவை விஷயத்தில் பெரும்பாலோர் ஒரே திசையைக் காட்டினாலும் விளைவின் அளவில் பெரும் வேறுபாடு. யூகலிப்டஸில் புல் நாற்றைக் கெடுக்கிறது என்றும், ஒன்றும் செய்யவில்லை என்றும், உதவுகிறது என்றும் பதில்கள் வந்தன. இதில் ஒரே ஒரு குழுவின் கட்டுரை மட்டும் வெளிவந்திருந்தால் அதையே அறிவியல் உண்மை என்று பாடப்புத்தகத்தில் ஏற்றியிருப்போம்.

ஆகவே ஆய்வாளரிடம் நேர்மை வேண்டும் என்று வலியுறுத்துவதோடு நின்றுவிட்டால் பயனில்லை, பெரும்பாலோர் நேர்மையானவர்களே. தேவைப்படுவது ஒரு ஏற்பாடு. எதை, எங்கே, எப்போது, எத்தனை முறை அளப்போம், எதை விலக்குவோம், எந்த முடிவு வந்தால் நம் கருத்து தோற்றதாக ஒப்புக்கொள்வோம் என்பதையெல்லாம் முதல் புட்டியை நிரப்பும் முன்பே எழுதி, தேதியிட்டு, பிறர் பார்க்கும் இடத்தில் வைத்துவிடுவது. பிறகு எடுத்த எண்கள் அத்தனையையும் அப்படியே திறந்துவைப்பது. முன்பதிவு, திறந்த தரவு என்று இவற்றுக்கு இன்று பெயர் வந்துவிட்டது. இவற்றின் அடிப்படை உணர்வு பழையது, நம் நாட்டிலும் வேரூன்றியது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் ஓர் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்தார். கோணங்களை மட்டும் அளந்து தூரங்களைக் கணக்கிடும் முறை அது. வழியில் சிறு பிழை புகுந்தாலும் கடைசிவரை கூடவே வரும். அதனால் 1804இல் பெங்களூருக்கு அருகே சுமார் ஏழு மைல் நீளத்துக்கு இன்னொரு கோட்டைச் சங்கிலி போட்டு நேரடியாக அளக்கச் செய்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் சங்கிலியில் வந்த நீளத்துக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. பொருந்தாமல் போயிருந்தால் அந்த வேறுபாடே பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். தன் கணக்கு தோற்கக்கூடிய ஒரு சோதனைக்கு அதைத் தானே அழைத்துப்போனதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்ட மகலனோபிஸ், ஒரே நிலப்பரப்பில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைக்கும் முறையை வளர்த்தார். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதிலிருந்தே களப்பணியின் பிழை வெளியே தெரிந்துவிடும். அல்சூர் ஏரிக்கும் இரண்டு குழுக்களை அனுப்பலாம். எந்தப் புட்டி எந்த இடத்தது என்று தெரியாதவரிடம் தரம் பார்க்கும் வேலையைக் கொடுக்கலாம். லேபிளில் இடத்தின் பெயருக்குப் பதில் ஓர் எண் ஒட்டினால் போதும், செலவே கிடையாது.

முன்பதிவால் உண்மையில் ஏதாவது மாறியதா? மாறியது என்று நினைக்க மருத்துவத்தில் காரணம் இருக்கிறது. அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் கொடுத்த 55 பெரிய மருந்துச் சோதனைகளைக் கேப்லன், இர்வின் ஆகிய இருவர் 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 2000க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17 நல்ல பலன் காட்டின. அதன் பிறகு வந்த 25இல் இரண்டு மட்டுமே. இடையில் நடந்த முக்கிய மாற்றம், எந்தப் பலனை முதன்மையாகப் பார்க்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதுவது. இதுவும் ஓர் ஒப்பீடுதான், கட்டுப்படுத்திய சோதனை இல்லை. எளிதில் கிடைக்கும் பலன்கள் முன்பே கண்டறியப்பட்டுவிட்டதால் புதிய மருந்துகள் தோற்றிருக்கலாம் என்று சொல்ல இடமிருக்கிறது. உளவியலில் கிடைத்த சான்றும் இதே திசையைக் காட்டுகிறது. முடிவு தெரியும் முன்பே, ஆய்வுத் திட்டத்தை மட்டும் பார்த்து இதழ்கள் ஏற்றுக்கொண்ட கட்டுரைகளில் 44 விழுக்காடுதான் கருதுகோளை ஆதரித்தன. வழக்கமான கட்டுரைகளில் 96 விழுக்காடு. முன்பதிவு செய்பவர்கள் துணிச்சலான கருதுகோள்களை எடுப்பதால் இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு வந்திருக்கலாம். முழுவதும் அதனால் என்று நம்புவதற்குத் தாராள மனசு வேண்டும். நம் நாட்டில் மருந்துச் சோதனைகளுக்கான பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். ஆனால் சோதனை தொடங்கிய பிறகு வந்து பதிந்தாலும் 2018 ஏப்ரல் வரை ஏற்றுக்கொண்டார்கள். பாதி ஆட்டம் முடிந்த பிறகு விதியை எழுத அனுமதித்தால் பதிவேட்டின் நோக்கமே அடிபட்டுப்போகும். அந்த ஓட்டையை அடைக்க ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆயின.

திறந்த தரவின் தேவையை அல்சூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த ஒன்று காட்டுகிறது. 2018 ஜூலையில் அன்ஷு பாண்டேயும் அவருடைய ஆய்வு மாணவரும், தங்கத்துக்குள் பதித்த நுண் வெள்ளித் துகள்களில் 236 கெல்வினில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரியில், மின்தடை மறைகிறது என்று முன்னச்சுக் கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார்கள். உறுதியானால் உலகையே புரட்டிப்போடும் செய்தி. சில வாரங்களில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிரையன் ஸ்கின்னர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வெவ்வேறு காந்தப் புலங்களில் எடுத்த இரண்டு வரிசைப் புள்ளிகளில், ஏற்ற இறக்கமான சிறு நடுக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. ஒரு வரிசை கொஞ்சம் இடம் மாறியிருந்தது, அவ்வளவே. நடுக்கம் என்பது தற்செயல். அது இரண்டு முறை ஒரே மாதிரி வராது. இதற்கு இயற்பியல் விளக்கம் இருக்க முடியுமா, கருவியில் கோளாறா, தரவைக் கையாண்டதில் குழப்பமா என்று உலகெங்கும் விவாதம் நடந்தது. அடுத்த மே மாதம் கூடுதல் ஆசிரியர்களோடும் கூடுதல் அளவீடுகளோடும் திருத்திய கட்டுரை வந்தது. யார்மீதும் குற்றம் சொல்ல இங்கே இடமில்லை. அந்த விவாதத்தின் வடிவம்தான் பாடம். புள்ளிகள் கட்டுரையின் படத்திலேயே இருந்ததால்தான் கேள்வியே எழுந்தது. கருவியிலிருந்து இறங்கிய மூலக் கோப்புகளும் துகள்களும் முதல் நாளே பிற ஆய்வகங்களுக்குக் கிடைத்திருந்தால், மாதக்கணக்கில் ஊகங்களில் கழிந்த காலம் சோதனைகளில் கழிந்திருக்கும்.

எதிர்ப்புகள் பல, சில வலுவானவை. முன்பே எல்லாவற்றையும் எழுதிக் கட்டிப்போட்டால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது முதலாவது. மீன் செத்து மிதக்கும் காலையில் பதிவேட்டைத் தேடிப் போக முடியுமா? வேண்டியதே இல்லை. அன்று கிடைப்பதையெல்லாம் அளக்கட்டும், மீனின் செவுளை அறுத்துப் பார்க்கட்டும், பத்துக் காரணங்களை யோசிக்கட்டும். கட்டுரையில் ‘இது தேடல், இது சோதனை இல்லை’ என்று எழுதினால் போதும். அதிலிருந்து பிறந்த கருத்தை அடுத்த கோடையில், முன்பே எழுதிய திட்டப்படி, புதிய எண்களை வைத்துச் சோதிக்கலாம். தேடலில் கிடைத்த எண்ணையே சோதனைக்கும் சான்றாகக் காட்டும்போதுதான் தவறு நேர்கிறது. அனுபவமுள்ள ஏரி ஆய்வாளருக்கு எங்கே முக்க வேண்டும் என்பது கண்ணாலேயே தெரியும், காகிதம் எதற்கு என்ற வாதமும் இதோடு சேர்ந்ததே. தெரியுமென்றால் முன்பே எழுதுவதில் அவருக்குச் சிரமம் இருக்காது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது: வசதி படைத்த நிறுவனங்களுக்கு இது சரி, ஒரே ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரை நான்கு துறைகள் பங்கிட்டுக்கொள்ளும் கல்லூரிக்கு இன்னொரு படிவமா? நம் ஊரில் படிவம் என்றாலே அது நிரப்புவதற்கு மட்டுமே என்ற நிலை வந்துவிட்டது உண்மை. முன்பதிவும் அப்படி ஒரு சடங்காகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆனால் செலவைக் கணக்குப் போட்டால் ஏழை ஆய்வகத்துக்கே இது அதிகம் உதவும். மூன்று மாதம் புட்டி சுமந்த பிறகு ‘ஒப்பிட வேறு ஏரியை எடுக்கவில்லையே’ என்று வைவாவில் கேட்டால் அந்த மூன்று மாதமும் போச்சு. தொடங்கும் முன் இரண்டு பக்கத் திட்டத்தை வெளியாள் ஒருவர் படித்திருந்தால் அதே கேள்வி முதல் வாரத்திலேயே வந்திருக்கும். சுமை உண்மையில் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது. ஆனாலும் பணி நியமனத்திலும் உயர்விலும் கட்டுரை எண்ணிக்கைக்கு மவுசு குறையவில்லை. மாற்றமில்லை என்று முடியும் ஆய்வை அச்சிட இதழ்கள் தயங்கும்வரை, மாற்றத்தைத் தேடிப் பிடிக்கும் தூண்டுதல் மாணவரைத் துரத்திக்கொண்டே இருக்கும். திட்டத்தைப் பார்த்து ஏற்கும் இதழ் முறை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. முடிவு எதுவானாலும் கட்டுரை உண்டு.

ஏமாற்ற நினைப்பவன் பதிவு செய்துவிட்டும் ஏமாற்றுவானே என்பது அடுத்தது. உண்மை. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. முன்பதிவு போன்ற கண்டிப்பான நடைமுறைகளைப் பின்பற்றினால் ஆய்வு முடிவுகள் மறுசோதனையிலும் நிற்கும் என்று காட்டியதாக 2023இல் புகழ்பெற்ற இதழொன்றில் வந்த கட்டுரை, தன் முன்பதிவைப் பற்றிச் சொன்னவை சரியாக இல்லை என்ற காரணத்தால் 2024 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. சீர்திருத்தக்காரர்களுக்கு நல்ல அடி. ஆனால் அது எப்படி வெளிப்பட்டது? தேதியிட்ட ஆவணங்கள் பொதுவில் இருந்தன. விமர்சகர்கள் எடுத்துப் படித்தார்கள். கட்டுரை சொன்னதும் ஆவணம் சொன்னதும் பொருந்தவில்லை. பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால் அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

இறுதியாக, கருவிகள் வந்துவிட்டன, இனி மனிதத் தேர்வுக்கே இடமில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். ஏரியில் ஒரு சென்சாரை மிதக்கவிட்டால் கால் மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன் பதிவாகும். எத்தனை மணிக்கு அளந்தாய் என்ற கேள்வியே எழாது. நேரப் பிரச்சினை தீர்வது உண்மைதான். ஆனால் பச்சை நீரில் சென்சாரின் முகத்தில் பாசி படிந்து சில வாரங்களில் அளவு நழுவத் தொடங்கும்; துடைத்த நாளில் எண் திடீரென்று குதிக்கும். நழுவலை எப்படித் திருத்துவது, பொருளற்ற எண் என்று எதைத் தள்ளுவது என்பவை மறுபடியும் மனிதரின் தேர்வுகளே. அரை மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் கருவிக் கோளாறு என்று மென்பொருளுக்கு விதி எழுதிவிட்டால், மீன்கள் செத்த இரவே கோப்பிலிருந்து காணாமல் போய்விடும். இது கற்பனைப் பயம் அல்ல. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைவதை நிம்பஸ்-7 செயற்கைக்கோள் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. மிகக் குறைந்த எண்களைப் பிழையாக இருக்கலாம் என்று குறியிட்டு ஒதுக்கும்படி கணினிக்கு விதி இருந்ததால், தரையிலிருந்து அளந்த ஜோசப் ஃபார்மனின் பிரிட்டிஷ் குழு 1985இல் முதலில் அறிவித்தது. நல்லவேளையாக நாசா அந்த எண்களை அழிக்காமல் வைத்திருந்தது. மூலத் தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டபோதுதான் ஓட்டை அண்டார்க்டிகா முழுவதும் விரிந்து கிடந்தது தெரிந்தது.